சம்மாட்டியின் பங்கு

மீனிடம் மன்னிப்புக் கேட்ட மனிதரை நான் முதன்முதலில் கண்டது லண்டனில்தான். கொரோனா ஊரடங்கு ஆண்டின் கோடைகாலம் அது. ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் எனக்குக் காலை ஷிப்ட். வேலை முடிந்து செவன் கிங்ஸ் வீட்டுக்குப் போனால், வாசலிலேயே உடுப்பை மாற்றச் சொல்லி மனைவி வாளியோடு நிற்பாள். அதற்குப் பயந்து, முடிந்தவரை தாமதித்துப் போவதற்காக ரோடிங் ஆற்றங்கரையால் சுற்றி நடப்பேன். ஜூன் பதினாறாம் திகதி, செவ்வாய்க்கிழமை. எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர் ஒருவர் ஈரமண்ணில் முழந்தாளிட்டு, உள்ளங்கையளவு வெள்ளி மீனொன்றின் உதட்டிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சொறி டார்லிங், சொறி, முடிந்துவிட்டது" என்று அதனுடன் பேசினார். பிறகு இரண்டு கைகளாலும் அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோய், ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விடுவதுபோல விட்டார். மீன் போய்விட்டது. அவர் எழுந்து, புதுப்புழு ஒன்றைக் கோத்து, அதே இடத்தில் திரும்பவும் தூண்டிலைப் போட்டார்.

நான் திகைத்து நின்றேன். தின்பதற்கில்லையென்றால் எதற்குப் பிடிப்பது, விடுவதற்குத்தான் என்றால் எதற்கு முள்ளால் குத்துவது? இந்த நாட்டில் நான் இருந்த காலம் ஊரில் இருந்த காலத்தைவிட நீண்டுவிட்டது. ஆனாலும் என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் ஓடும் ஆற்றில் மீன் இருக்கிறது என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் தின்னும் மீன் விமானத்தில் வருகிறது. பாரையும் விளைமீனும் அறக்குளாவும் ஐஸில் விறைத்து ஹீத்ரோவில் இறங்கி, ஈஸ்ட் ஹாம் கடைகளில் எங்கள் பெயரிலேயே விற்பனையாகின்றன. இங்கேயே பிறந்து இங்கேயே சாகும் மீனை யாரும் தின்பதில்லை. எங்களைப்போலவே நாங்கள் தின்பதும் வெளியிலிருந்து வந்ததுதான் என்று அன்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த மனிதரின் பெயர் கென். ஓய்வுபெற்ற மின்சாரத் தொழிலாளி. அன்று ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று பிறகு சொன்னார். இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் பதினைந்து தொடக்கம் ஜூன் பதினைந்து வரை தூண்டில் போடக்கூடாது. மீன்கள் முட்டையிடும் காலம். ஜூன் பதினாறு அவர்களுக்கு வருடப்பிறப்பு. எனக்குத் திகதிகளில் ஒரு பைத்தியம் உண்டு. எந்த நாளையும் அதன் வால் பிடித்து இன்னொரு நாளில் கொண்டுபோய்க் கட்டுவேன். எனவே அந்தத் திகதி என்னை இலகுவாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருடமே நானும் அரசாங்கத்தின் தூண்டில் அனுமதி எடுத்து, கென் பிணை நிற்க, அவருடைய சிறிய கழகத்தில் உறுப்பினராகிவிட்டேன். அங்கத்தவர் இருவரில் ஒருவருக்கு இடுப்பு வலி, மற்றவருக்கு மூட்டு வலி என்ற அளவில் நடக்கும் கழகம் அது. ஆற்றின் மேற்பகுதியில், நகரம் களைத்துப்போய் வயலாக மாறும் இடத்தில், கொஞ்சத் தூரக் கரை அவர்களுக்குச் சொந்தம். பஸ்ஸும் டியூபும் மாறிப் போகவேண்டும்.

இந்த மீன்பிடிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோர்ஸ் ஃபிஷிங்'. சமனும் ட்ரவுட்டும் கனவான்களின் மீன்கள். மிச்சமெல்லாம் கோர்ஸ், அதாவது கரடு. ரோச், டேஸ், சப், பெர்ச், பிரீம் என்று ஒற்றைச் சொல்லில் கூப்பிடும் ஏழை மீன்கள். கென்னுக்கு அவைதான் உலகம். அவர் பேச ஆரம்பித்தால் ஆற்றில் இப்போது இருப்பதைவிட இல்லாமற்போனதே அதிகமாக ஓடும். சிறுவனாக இருந்தபோது, இந்த ஆறு போய் விழும் தேம்ஸ் நதியை உயிரற்ற நதி என்று சொன்னார்களாம். பிறகு தண்ணீர் தெளிந்தது, மீன்கள் திரும்பின. இப்போது மழை பலமாகப் பெய்தால் கழிவுநீர் ஆற்றுக்குள் வழிகிறது. விலாங்கு அருகிவிட்டது. ரோச் மீனைக் கடலோர நீர்க்காகங்கள் உள்நாட்டுக்கு வந்து தின்கின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த கிறேஃபிஷ், ஆற்று இறால்போல ஒரு பிராணி, கரையைத் துளைத்து மீன்முட்டைகளைத் தின்று பெருகிவிட்டது. அதைப் பிடித்தால் உயிருடன் திரும்ப விடுவது குற்றம். "அடித்துவிடு மேட், அது இந்த நாட்டுக்குரியதல்ல" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "உன்னைச் சொல்லவில்லை" என்று அவசரமாகச் சேர்த்துக்கொள்வார். நான் அதைப் பற்றி ஒருபோதும் எதுவும் சொன்னதில்லை. அவராகவே ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்வார்.

அவர் காத்திருந்தது பார்பெல் என்ற மீனுக்காக. வாயைச் சுற்றி நான்கு மீசை. வெண்கல நிறம். ஆற்றின் அடியில் ஓட்டத்தை எதிர்த்துக் கிடக்கும் பலசாலி. இங்கிலாந்து ஐரோப்பாக் கண்டத்தோடு நிலமாக ஒட்டியிருந்த காலத்தில், தேம்ஸும் அதன் கிளைகளும் அந்தப் பக்கத்துப் பெருநதியில் போய்க் கலந்தபோது வந்த பூர்வீக மீன் என்று நூலகத்தில் வாசித்தேன். அந்தப் பூர்வீகக்குடி எங்கள் கரையில் அழிந்துபோய், பல வருடங்களுக்கு முன்னர் பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை லொறியில் கொண்டுவந்து விட்டார்களாம். வாளி வாளியாக இறக்கிவிட்டவர்களில் கென்னும் ஒருவர். இந்த மண்ணின் சொந்த மீன் லொறியில் வந்திறங்கியது என்ற கதையை நான் பல தமிழர்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கென்னுக்கு அது சிரிப்பில்லை. விட்ட மீன்கள் வளர்ந்திருக்கின்றனவா, வளர்ந்தாலும் இங்கே முட்டையிடுமா என்பதுதான் அவருடைய கேள்வி. "சினையோடு ஒரு பெண்மீனைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். அவர்கள் இங்கே தங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்" என்பார்.

சூசை அண்ணையை ஆற்றுக்குக் கூட்டிவந்தது நான். என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்யும் ரெஜினாவின் தகப்பன். மன்னார்க் கரையில் கரைவலைத் தொழில் செய்தவர். மனைவி இறந்த பிறகு மகள் ஸ்பொன்சர் செய்து ஃபாரஸ்ட் கேட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். ஞாயிறு பூசையைத் தவிர வெளியே போகமாட்டார். ஜன்னலோரம் ஒரு கதிரை, அதில் காலை முதல் மாலை வரை. "அப்பா கதைக்கிறதை மறந்துபோனார் அண்ணை" என்று ரெஜினா ஒருநாள் வேலையிடத்தில் சொல்லிவிட்டு, பெட்டிகளை அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டாள். அதற்கடுத்த சனிக்கிழமை அவரை அழைத்துப் போனேன். ஆற்றைப் பார்த்ததும் முதல் சொல்லாக, "இதென்ன தம்பி, வாய்க்காலே?" என்றார். ஆனால் அரைமணி நேரத்துக்குள் குனிந்து தண்ணீரைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டார். திரும்பும் வழியில் டியூப் முழுக்கக் கதைத்தார். அடுத்த மாதம் கென் அவருக்கும் பிணை நின்றார். கழகத்தின் அங்கத்துவ அட்டையை சூசை அண்ணை செபமாலையோடு ஒரே பையில்தான் வைத்திருந்தார்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஐம்பது சொல்கூட இல்லை. ஆனாலும் பட்டம் வைத்துக்கொண்டார்கள். கென் அவரை 'ஸ்கிப்பர்' என்றார். அவர் கென்னைச் 'சம்மாட்டி' என்றார். அதற்கு அர்த்தம் என்னவென்று கென் கேட்டபோது, வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர், தொழிலுக்கு முதலாளி என்று சொன்னேன். கென் தன் பழைய தூண்டிலையும் கிழிந்த கதிரையையும் பார்த்து நெடுநேரம் சிரித்தார். கிறேஃபிஷ் விஷயத்தில் மட்டும் சூசை அண்ணைக்குக் குழப்பம். "இந்த இறாலை விட்டால் மறியல்வீடு. அந்த விலாங்கை வச்சிருந்தால் மறியல். இவங்கட ஆத்திலை எதைக் கொல்லுறது எதை விடுறது எண்டு ஒரு பிரக்கிராசியைப் பிடிச்சுச் சட்டம் கேக்கவேணும்" என்பார். கென் காட்டியபடி ரப்பர்ச் சுத்தியலால் கிறேஃபிஷை அடிக்கும் வேலை அவருடையதாயிற்று. அந்த முதல் பருவம் முழுக்க எங்களுக்கு அகப்பட்டவை எல்லாம் சிறிய மீன்கள். எல்லாவற்றையும் விட்டோம். சூசை அண்ணை அதில் எந்த வித்தியாசமும் காணவில்லை. சின்னனை விடுவது மன்னாரிலும் உள்ள வழக்கம்தானே. பெரிய மீனுக்காகத்தான் இந்த வெள்ளைக்காரர் இத்தனை பொறுமையாகக் காத்திருக்கிறார் என்று அவர் நினைத்திருந்தார். அது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

போன வருட ஜூன் பதினாறு, திங்கட்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அந்தோனியார் திருநாள். மனிதர் கேளாதபோது மீன்களுக்குப் பிரசங்கம் செய்த புனிதர். கோயிலில் மந்திரித்துக் கொடுத்த பாணில் ஒரு துண்டைச் சூசை அண்ணை கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து, நுள்ளி ஆற்றில் தூவினார். கென் தலையை ஆட்டி, "நல்ல யோசனை. சப் மீனுக்குப் பாண் விருப்பம்" என்றார். நான் இரண்டு பக்கமும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. மழையில்லாத கோடை, தண்ணீர் குறைந்து கற்கள் தெரிந்தன. நான் கீழ்ப்பக்கம் ஒரு வில்லோ மரத்தில் சிக்கிய என் நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேலே கென்னின் தூண்டில் வளைந்ததையும், சூசை அண்ணை நீண்ட பிடிவைத்த வட்டவலையோடு தண்ணீருக்குள் இறங்கியதையும் கண்டேன். வலைக்குள் வெண்கல நிறமாகப் புரண்டது முழங்கையைவிட நீளம். கென் ஏதோ சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி வளைவுக்கு அப்பால் போனார். காலையில் முதலில் அவர் உட்கார்ந்திருந்த அந்த இடத்தில்தான் அவருடைய பாயும் தராசும் கிடந்தன. மீனைக் கிடத்துவதற்கென்று மெத்தென்ற ஒரு பாய் வைத்திருப்பார். மீனின் வழுவழுப்புப் போகக்கூடாதென்று அதை முதலில் ஆற்றில் நனைப்பார்.

நான் நூலை அறுத்துவிட்டு மேலே போனபோது, கென் நனைத்த பாயோடு நின்றுகொண்டிருந்தார். பாயிலிருந்து தண்ணீர் அவருடைய சப்பாத்தில் சொட்டியது. அவருக்கு முன்னால் அகலமான காட்டு இலைகள் பரப்பியிருந்தன. அவற்றின் மேல் அந்த மீன் இரண்டு பாதியாகக் கிடந்தது. ரப்பர்ச் சுத்தியல் பக்கத்தில். சூசை அண்ணை சிறிய கத்தியை ஆற்றில் கழுவிக்கொண்டிருந்தார். தலைப்பாதியைக் கென்னின் பக்கமாகத் திருப்பி வைத்து, வயிற்றிலிருந்து எடுத்த சினையை, உடையாமல், இரண்டு கொத்தாக அதன் மேல் வைத்திருந்தார். ஒரு பரிசை ஒப்படைக்கும் மனிதனின் ஒழுங்கு அதில் இருந்தது.

"என்ன தம்பி, மனிசன் பேசாமல் நிக்கிறார்? பங்கு காணாதாமோ?" என்று கேட்டார்.

நான் குனிந்து சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"தலைப்பாதி அவருக்கு. சினையும் முழுக்க அவருக்குத்தான் வச்சனான். வலையிலை கை வச்சதுக்கு எனக்கு வால் காணும். நான் களவெடுக்கேல்லை எண்டு சொல்லும்."

மன்னாரில் கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்த எவனும் வெறுங்கையோடு போவதில்லை. வழிப்போக்கனாக இருந்தாலும் கறிக்கு ஒரு மீன் உண்டு. அதைக் கேட்கத் தேவையில்லை, கொடுப்பவன் சொல்லவும் தேவையில்லை. பெரிய மீனைத் துடிக்க விடாமல் ஒரே அடியில் முடிப்பது இரக்கம். இதையெல்லாம் நான் கென்னிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொரு வசனமும் ஆங்கிலத்தில் கேவலமாகக் கேட்டது. கென் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை. இலையில் கிடந்த சினையையே பார்த்தார். "அவள் முட்டையோடு இருந்திருக்கிறாள்" என்றார். பிறகு, "பிடித்துக்கொண்டிருக்கத்தான் சொன்னேன். தண்ணீருக்குள். பிடித்துக்கொண்டிருக்க மட்டும்" என்றார். பாயைச் சுருட்டினார். தூண்டிலைக்கூட எடுக்காமல் வயல் பாதையால் போனார். அந்த நேரம் பார்த்து நாயோடு வந்த ஒரு பெண், இலையில் கிடந்ததையும் எங்கள் இருவரையும் பார்த்து, நாயின் வாரைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இதைத்தான் செய்வீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றாள். சூசை அண்ணை அவளுக்குத் தலை குனிந்து "குட் மோர்னிங்" சொன்னார்.

டியூபில் அவரிடம் விளக்கினேன். மீன் அவருடைய மடியில், பொலித்தீன் பையில் இருந்தது. போட்டுவிட்டு வர அவர் சம்மதிக்கவில்லை.

"பெரிசையும் விடுறதோ?"

"ஓம் அண்ணை. எல்லாத்தையும்."

"அப்ப என்னத்துக்குப் பிடிக்கிறது?"

ஐந்து வருடங்களுக்கு முன்னர் நான் கேட்ட அதே கேள்வி. இரண்டு ஸ்டேசன் கழித்து, சட்டைப்பையைத் தடவியபடி, "கார்ட்டைப் பறிப்பினமோ தம்பி?" என்று கேட்டார். கென் ஒரு சொல் சொன்னால் பறிப்பார்கள். அவர் சொல்லக்கூடியவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். நான் "தெரியாது" என்றேன். அந்த ஜன்னலோரக் கதிரை அவருடைய முகத்தில் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தது.

பின்னேரம் ஆறு மணிபோல என் தொலைபேசி அடித்தது. கென். வணக்கம்கூட இல்லை. "பார்பெல் முட்டை நஞ்சு. ஸ்கிப்பரைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்" என்றார். அவ்வளவுதான். கோபத்தில் சொல்கிறாரோ என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. அலமாரியிலிருந்த பழைய மீன் நூலைப் புரட்டினேன். உண்மை. வாந்தியும் வயிற்றோட்டமும் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும் என்றிருந்தது. ரெஜினாவின் எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அவர்கள் வீட்டில் மீன் சமைக்கும்போது காற்றாடி போடும் சத்தத்தில் எதுவும் கேட்காது. சின்ன வயதிலிருந்து ரெஜினாவுக்குச் சினை என்றால் உயிர். வேலையிடத்துக்கே பொரித்துக் கொண்டுவருவாள். நான் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினேன். செவன் கிங்ஸிலிருந்து ஃபாரஸ்ட் கேட் மூன்றாவது ஸ்டேசன். அந்தத் தூரம் அன்று வேறு நாடாக இருந்தது.

கதவு திறந்தபோதே எண்ணெய் மணம். ரெஜினா அகப்பைக்காம்போடு நின்றாள். மேசையில் மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய சினை ஒரு தட்டில். அதற்கு முன்னால், தட்டைக் கையால் மூடியபடி, சூசை அண்ணை.

"நல்லவேளை வந்தியள் அண்ணை" என்றாள் ரெஜினா. "இந்த மனிசனுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. எண்ணெய் கொதிச்சுக் கருகுது. பொரிக்க விடுறாரில்லை. ஆரோ சம்மாட்டி பங்கெடுக்கேல்லையாம். ஃபாரஸ்ட் கேட்டிலை எங்கால சம்மாட்டி?"

"அவர் தன்ரை பங்கைத் தொடாமல் போயிட்டார்" என்றார் சூசை அண்ணை, மகளைப் பாராமல். "சம்மாட்டி எடுக்காமல் வலைக்காரன் உலையிலை வைக்கேலாது. எனக்கு ஒருத்தரும் இதைப் படிப்பிக்க வேண்டாம். நாளைக்குத் தம்பியோட கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்து பொரிப்பம்."

"பொரிக்காதையும் பிள்ளை. அடுப்பை நிப்பாட்டும். அது நஞ்சு" என்றேன்.

ரெஜினா அகப்பைக்காம்பைத் தட்டிலிருந்து தூரமாக இழுத்தாள், அது கடிக்கும் என்பதுபோல. சூசை அண்ணையின் கை தட்டின் மேலேயே இருந்தது. "ஆர் சொன்னது?" என்றார்.

"கென். இப்பதான் ஃபோன் எடுத்தவர்."

"எனக்குச் சொல்லச் சொல்லியோ?"

"உங்களுக்குத்தான்."

அவர் கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தார். "தின்னட்டும் எண்டு விட்டிருக்கலாம் மனிசன்" என்றார்.

"திண்டாலும் சாகமாட்டியள் அப்பா. ரெண்டு நாள் கக்கூசிலை குடியிருந்திருப்பியள்" என்றாள் ரெஜினா. சிரிக்கத் தொடங்கியவள் நடுவில் நிறுத்தி, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகள் இரண்டும் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் வாய்க்கும் ஒவ்வொரு துண்டு போயிருக்கும்.

அன்று சூசை அண்ணை எனக்கு ஒரு விஷயம் சொன்னார். அதை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன் என்று இப்போது நினைக்கிறேன். சண்டை ஓய்ந்து திரும்பவும் கடலுக்குப் போகலாம் என்று வந்த காலத்தில், மன்னார்க் கடலில் றோலர் படகுகள் அடிமடி வலையை இழுத்து, சினைமீனும் குஞ்சும் பாசியுமாக வாரிக்கொண்டு போயின. காலையில் வலை போட்டால் சேறுதான் வரும். "நாங்கள் கரையிலை நிண்டு அவங்களைப் பேசாத பேச்சில்லைத் தம்பி. கருவிலை அறுக்கிறியளேடா எண்டு மண் அள்ளி எறிஞ்சனாங்கள். அந்த மனிசன் இண்டைக்குப் பாயோட நிண்டாரே. எனக்கு ஒரு மண்கூட எறியேல்லை." அவ்வளவுதான் சொன்னார். பங்கு என்ற ஒழுங்கு அந்தக் கையை மீனை வெட்ட வைத்தது. அதே ஒழுங்கு அந்த வீட்டில் நான்கு பேரைச் சினையைத் தின்னவிடாமலும் வைத்தது. இதில் எதைச் சரி என்பது, எதைப் பிழை என்பது? ரயிலில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். களைப்பாக இருந்தது. இந்த நாட்டில் எனக்கு வரும் களைப்பில் பாதி வேலையால் வருவதில்லை, இப்படி இரண்டு சரிகளுக்கு நடுவில் நின்று மொழிபெயர்ப்பதால் வருகிறது.

கென் சொல்லிவிட்டார். கழகச் செயலாளருக்கு நடந்ததை நடந்தபடி. சூசை அண்ணையின் அட்டை அடுத்த ஜூன் பதினாறு வரை நிறுத்தப்பட்டது. அதை அவரே எனக்கு ஃபோனில் சொன்னார். "சொல்லாமல் இருக்க எனக்கு முடியவில்லை. அவர் என்னை வெறுக்கிறாரா?" என்று கேட்டார். நான் போய்ச் சொன்னேன். சூசை அண்ணை பையைத் திறந்து, செபமாலையிலிருந்து அட்டையைப் பிரித்து, மேசையில் வைத்தார். "சரிதானே. அவர் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லியிருப்பன். என்ர இங்கிலீசுக்கு அவங்கள் என்னைப் பாராட்டி மெடல் தந்திருப்பாங்கள்" என்றார். பிறகு கதிரைக்குப் போனார். ஜூன் முடிந்தது. ஜூலை முழுக்க அந்த ஜன்னலில் அவருடைய தலை தெரிந்தது. மீனின் இரண்டு பாதியும் ரெஜினாவின் ஃப்ரீசரில், விமானத்தில் வந்த அறக்குளாவுக்குப் பின்னால் கிடந்தன. தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை என்றாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை கென் ஃபோன் எடுத்தார். "விதிப் புத்தகத்தை மூன்று தரம் வாசித்தேன். அட்டை நிறுத்தப்பட்டவர் தூண்டில் பிடிக்கக்கூடாது என்றுதான் இருக்கிறது. வலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கோ குனிய முடியாது. ஸ்கிப்பரைக் கேட்டுப்பார்" என்றார். நான் கேட்டேன். சூசை அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சம்மாட்டிக்கு வலைக்காரன் இல்லாமல் ஏலாதுதானே" என்றார். சப்பாத்தைத் தேட ஆரம்பித்தார்.

ஆறு இன்னும் வற்றியிருந்தது. தண்ணீர் சூடாக இருந்தது. கென்னும் அவரும் தலையசைத்தார்கள், கைகுலுக்கவில்லை. மதியம்வரை ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சப் மீன் அகப்பட்டது. பார்பெல் அல்ல. ஜூனில் அந்த மீனுக்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் பார்பெல் கண்டதாகக் கேள்விப்படவில்லை. சூசை அண்ணை முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, வலையை அமிழ்த்தி, மீனைத் தூக்காமல் உள்ளேயே வைத்திருந்தார். கென் கரையிலிருந்தபடி இரண்டு கைகளையும் காற்றில் ஏந்திக் காட்டினார், தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று. சூட்டுத் தண்ணீரில் போராடிய மீனுக்கு மூச்சுத் திரும்ப நேரம் எடுக்கும். உடனே விட்டால் மல்லாந்துவிடும். சூசை அண்ணை முள்ளைக் கழற்றி, வலையை விலக்கி, வயிற்றின் கீழ் ஒரு கையும் வாலடியில் ஒரு கையுமாக, ஆறு வரும் திசையைப் பார்க்கவைத்துப் பிடித்தார். ஏதோ முணுமுணுத்தார். செபமா, மன்னிப்பா, எனக்குக் கேட்கவில்லை. செவுள் திறந்து மூடியது. கொஞ்சநேரத்தில் வால் அசையத் தொடங்கியது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். கை முழுக்க விரிந்துவிட்டது. மீன் போகவில்லை. விரிந்த கையின் மேலே, தொட்டும் தொடாமலும், ஓட்டத்தை எதிர்த்து, அதே இடத்தில் நீந்திக்கொண்டிருந்தது.